இருளில் இறங்கிய அந்த அம்மா எங்கே போனார்?

வாசகர் கேள்வி:

நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவன், வயது 33. சொந்தமாக ஒரு பட்டா வாகனம் (சிறிய லொறி) வைத்து, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்து விற்கிறேன். கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, ஒன்றரை மணியளவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, மழையில் நனைந்தபடி நின்ற ஒரு வயதான அம்மா கை காட்டினார். இந்த நேரத்தில் தனியாக நிற்கிறாரே என்று இரங்கி, பக்கத்து இருக்கையில் ஏற்றினேன். உடையார்கட்டுக்கு இந்தப் பக்கம், கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் கிட்ட இறக்கிவிடச் சொன்னார். அந்த இடத்தில் இப்போது சங்கக்கடை எதுவும் இல்லை. சிறிது தூரம் போனதும் என்னை ‘ரவி’ என்று கூப்பிட்டார். அது என் பெயரில்லை. “லைற்றை நூர்த்துவிடு தம்பி, வண்டு சுத்துது” என்றார். பிறகு, “பங்கருக்குள்ள தண்ணி நிண்டா பிள்ளையள் எங்க படுக்கிறது?” என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கினார். படங்கு காற்றில் அடித்துக்கொண்டிருந்ததால் நானும் இறங்கிப் பின்னால் போய், அதை இழுத்துக் கட்டி, பின்தட்டியை அடித்துப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் ஆளில்லை. “அம்மா, அம்மா” என்று கத்தினேன். இரண்டு பக்கமும் பற்றைக்காடு, வீடுகூட இல்லை. பயத்தில் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் பார்த்தபோதும் இருக்கை ஈரமாகத்தான் இருந்தது.

என்னைப் பெற்ற அம்மா இதைக் கேட்டவுடனேயே “அது உயிரோட இருக்கிற ஆள் இல்லை” என்றார். அந்த இடத்தில் போர்க்காலத்தில் ஒரு கிழவி செல் (எறிகணை) விழுந்து செத்தவர் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். சாத்திரியார் அந்த ஆவி என்னோடு வந்துவிட்டது என்று நூல் கட்டினார். அதை விரட்டக் கழிப்புக் கழிக்க வேண்டுமாம். மூன்று வாரமாக நித்திரை இல்லை. இரவு ஓட்டம் போவதில்லை. லீசிங் காசும் கட்டவில்லை. குடித்தால்தான் கண் மூட முடிகிறது. அது பேயா, அல்லது எனக்கு மூளையில் ஏதும் பிழையா? 2009 இல் எங்கள் அம்மம்மாவையும் அந்தப் பக்கத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பேயா, மூளைக் கோளாறா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்லும் முன், உங்களைச் சுற்றியிருப்போர் எவரும் இந்த மூன்று வாரங்களாகக் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது: அந்த அம்மா வீடு போய்ச் சேர்ந்தாரா? உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்த பின்னும் என் மனதில் முதலில் நிற்பது இந்தக் கேள்விதான். ஏனென்றால், நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு விபரமும் உங்கள் வாகனத்தில் ஏறியவர் உயிருள்ள, நோயுற்ற, வழிதவறிய ஒரு முதிய பெண் என்பதையே எனக்குச் சொல்கிறது. நேரில் காணாத ஒருவரைப் பற்றி முடிவாகச் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. ஆனாலும், உயிருள்ள ஒருவர் என்று எண்ணித் தேடிப் பார்த்து அது தவறாகப் போனால் எவருக்கும் நட்டமில்லை. இறந்தவர் என்று எண்ணித் தேடாமல் விட்டு அது தவறாகப் போனால் ஓர் உயிர் போய்விடக்கூடும்.

உங்களுக்குப் புல்லரித்த அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்குகிறேன். 2009 இல் முடிந்த போரின்போது வானில் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் வண்டு என்றுதான் சொன்னார்கள் என்பதும், மாரி மழையில் பங்கர் என்ற பதுங்கு குழிக்குள் தண்ணீர் ஊறிப் பிள்ளைகளைக் கிடத்த இடமில்லாமல் தவித்தார்கள் என்பதும் உங்களுக்கும் தெரியும். அந்த நாட்களில் நீங்கள் 16, 17 வயதுப் பையனாக அங்கேதான் இருந்திருப்பீர்கள். அந்தக் காலத்தின் பேச்சை இந்தக் காலத்தில் ஒருவர் பேசியதால், அவர் அந்தக் காலத்தோடு முடிந்துபோனவர் என்று உங்கள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. நான் வேலை செய்யும் சிகிச்சை நிலையத்திலோ இதே பேச்சை வேறு விதமாகக் கேட்கிறேன். முதுமை மறதி நோய் வந்தவர்களிடம் முதலில் அழிவது அண்மைக்கால நினைவுகள். நேற்று என்ன சாப்பிட்டோம், எந்த வீட்டில் இருக்கிறோம், பேரப்பிள்ளையின் பெயர் என்ன என்பவை கரைந்துபோக, பல ஆண்டுகளுக்கு முந்திய நினைவுகள் அப்படியே நிற்கும். அந்த அம்மாவுக்கு இப்போது 75 வயது என்று வைத்துக்கொண்டால், 2009 இல் அவருக்கு 58 அல்லது 59 வயது. முகாமும், மீள்குடியேற்றமும், புதிதாகக் கட்டிய வீட்டுத்திட்ட வீடும் நினைவிலிருந்து போய்விட்டால் அவருக்கு எஞ்சியிருப்பது சங்கக்கடையும் பங்கரும் வண்டும் ரவியும்தான். இல்லாத சங்கக்கடையில் அவர் இறங்கக் கேட்டதே, என்னைப் பொறுத்தவரை, இந்த நோய்க்கான மிக வலுவான அறிகுறியாகும்.

இந்த நோயாளர்களில் பலருக்குப் பொழுது சாய்ந்ததும் குழப்பம் கூடும். இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு “நான் வீட்ட போகவேணும்” என்று எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். வீட்டார் அயர்ந்த நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு வெளியேறி, கால் போன போக்கில் மைல் கணக்காகப் போய்விடுவார்கள். போரைக் கண்டவர்களுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. பல ஆண்டுகளாக மனதின் அடியில் அமுக்கி வைத்திருந்த பயங்கரங்கள், அவற்றை அமுக்கி வைத்திருந்த மூளையின் பகுதிகள் பலவீனமடையும்போது மேலே கிளம்பிவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் பங்குபற்றிய முதியவர்களிடமும் இது அவதானிக்கப்பட்டிருக்கிறது. வன்னியில் 2009 இல் நடுவயதில் இருந்த தலைமுறை இப்போது இந்த நோய் வரும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் சந்தித்ததைப் போன்ற அம்மாக்களையும் ஐயாக்களையும் நமது வீதிகளில் இனி மேலும் மேலும் காணப்போகிறோம் என்றே நான் அஞ்சுகிறேன்.

மறதி நோய் இல்லாமலும் இப்படி நடக்கலாம். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்குவது, உடலில் உப்பு குறைவது போன்ற காரணங்களால் முதியவர் ஒருவருக்கு ஓரிரு நாட்களுக்குள் புத்தி தடுமாறிவிடலாம். இதற்கு உடனே வைத்தியசாலையில் சிகிச்சை தேவை. பெரும்பாலும் குணமும் ஆகும்.

அடுத்து, அவர் மறைந்தது. உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கடந்து போயிருக்கும் ஒரு செய்தியில் நான் நின்றுவிட்டேன்: பின்தட்டியை அடித்துப் பூட்டினீர்கள். நள்ளிரவில், ஆளரவமற்ற வீதியில், இரும்புத் தட்டி இரும்பில் மோதும் ஓசை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அம்மாவின் மனதில் அப்போது வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. வண்டு சுற்றினால் அடுத்துச் செல் வரும் என்பது அன்றைய பாடம். அப்படியொரு சத்தம் கேட்டதும் அவர் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான். அந்த மாதங்களில் வன்னியில் இருந்த குழந்தைக்கும் கிழவிக்கும் உடம்பில் ஊறிப்போயிருந்த செயல் அது: நின்ற இடத்திலேயே நிலத்தோடு விழுந்து படுப்பது, அல்லது அருகிலுள்ள பள்ளத்துக்குள்ளோ பற்றைக்குள்ளோ தவழ்ந்து போவது. அதற்குப் பின்னர் இருளில் ஓர் ஆண் குரல் கத்திக் கூப்பிட்டால், அப்படிப் படுத்திருப்பவர் பதில் சொல்ல மாட்டார், மூச்சையும் அடக்கிக்கொள்வார். நீங்களோ முன்விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் வந்தவர். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். முன்விளக்கு வீதியை மட்டுமே காட்டும். அதன் ஒளிக்கு வெளியே மூன்று முழம் தள்ளி, மழையில், நனைந்த சேலையோடு குப்புறப் படுத்திருக்கும் ஒருவரை உங்களால் மட்டுமல்ல, எவராலும் கண்டிருக்க முடியாது. அவர் உங்கள் அருகிலேயே படுத்திருந்திருக்கலாம்.

இந்த விளக்கம் உங்களைக் குற்றவாளியாக்குவதற்கில்லை. அந்த நேரத்தில் அந்த வீதியால் போன வேறு வாகனங்கள் நிறுத்தாமல் போயிருக்கக்கூடும்; நீங்கள் நிறுத்தினீர்கள், ஏற்றினீர்கள், இறங்கித் தேடினீர்கள், கூப்பிட்டீர்கள். பயம் வந்தபின் எவரும் செய்வதைத்தான் அதற்குப் பின் செய்தீர்கள்.

உங்கள் மூளையில் பிழை உண்டா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அன்று அதிகாலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தம்புள்ளைக்குப் போய் ஏற்றி இறக்கித் திரும்பும் தொழிலில் இருப்பவர் ஐந்து மணிக்கு எழுந்திருந்தால், ஒன்றரை மணிக்கு அவர் இருபது மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்கிறார். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவருக்குக் கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் நித்திரை வந்து போகும். அவருக்கே அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி உறங்கினால் வாகனம் 65 மீற்றருக்கு மேல் ஓட்டுநர் இல்லாமல் ஓடியிருக்கும். விழிப்புக்கும் நித்திரைக்கும் இடைப்பட்ட அந்த நிலையில் ஆட்கள் நிற்பதாகவும் குரல் கேட்பதாகவும் தோன்றுவது நலமுள்ள மனிதருக்கும் நடக்கும்; அது பைத்தியம் இல்லை. இருந்தும், உங்கள் விடயத்தில் முழுச் சந்திப்பும் அப்படிப்பட்ட தோற்றம் என்று நான் நினைக்கவில்லை. அத்தகைய தோற்றங்கள் கணப்பொழுதில் வந்து கலைபவை. வழி சொல்லி, ஏறி, பேசி, இறங்குபவை அல்ல. காலைவரை இருக்கையை நனைத்து வைப்பவையும் அல்ல. ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் தேடினீர்கள், எந்த வளைவில் நிறுத்தினீர்கள் என்ற நினைவுகளில் களைப்பு கலந்திருக்கலாம். தேடிப் போகும்போது இதை மனதில் வையுங்கள். இடம் நீங்கள் நினைப்பதற்குச் சற்று முன்னோ பின்னோ இருக்கக்கூடும்.

ஒரு சிறு விடயத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, கால் முகம் கழுவி, கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பக்தி ஒரு புறமிருக்க, ஓட்டுநரின் உடம்புக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய மருந்து. தம்புள்ளையிலிருந்து வரும்போது அங்கே இறங்காமல் வரும் ஓட்டத்தை நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண் சொருகினால் வெளிச்சமுள்ள ஓரிடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்கிவிட்டு வாருங்கள்.

அயலவர்களின் சாட்சியத்துக்கு வருகிறேன். அந்த இடத்தில் ஒரு கிழவி செல் விழுந்து இறந்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். 2009 ஜனவரியில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு மாறிய பின், சனங்கள் ரக்ரரிலும் சைக்கிளிலும் நடையிலுமாக விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் என்று ஒதுங்கி ஒதுங்கிப் போன வீதி அது. அந்த வீதியில் எந்த வளைவைச் சுட்டிக் காட்டினாலும், அங்கே இறந்த ஒருவரை நினைவு வைத்திருக்கும் ஒருவர் இந்த மாவட்டத்தில் இருப்பார். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு செய்தியால் இந்த ஒரு பெண் யார் என்பதை நிறுவ முடியாது.

இரவு வீதியில் ஏறி, பேசி, காணாமல் போகும் பயணியின் கதை உலகெங்கும் இருக்கிறது. 1942 இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 79 கதைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். ஊர் மாறும், ஆள் மாறும், கதையின் போக்கு பெரிதாக மாறுவதில்லை. எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது யப்பானில் நடந்தது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் பல்லாயிரம் உயிர்களை இழந்த வடகிழக்குக் கரையில் இஷினோமாக்கி என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள வாடகைக்கார் ஓட்டுநர்களை ஒரு பல்கலைக்கழக மாணவி தன் பட்ட ஆய்வுக்காகச் சந்தித்தார். நூற்றுக்கு மேற்பட்டோரிடம் கேட்டதில் ஏழு பேர், தாங்கள் ஏற்றிய பயணி வழியிலேயே மறைந்துபோனதைச் சொன்னார்கள். கோடைகாலத்தில் குளிர்காலக் கோட்டு அணிந்து ஏறிய ஒரு பெண், அலையால் வெறுமையாகிப்போன பகுதிக்குப் போகச் சொன்னதாக ஒருவர் சொன்னார். அந்த ஓட்டுநர்கள் பேசியதில் அச்சத்தைவிட இறந்தவர்கள் மீதான மரியாதையே மேலோங்கியிருந்ததாம். கூட்டாக இழந்த ஊரில் இழந்தவர்களை வீதியில் காண்பது நமக்கு மட்டும் உரியதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். மாபெரும் இழப்பைக் கண்ட ஓர் ஊர், விளங்காத ஒன்றைக் கண்டதும் இறந்தவர் பக்கமாகவே முதலில் திரும்பும். ஆனால் அந்தத் திரும்புதலால், உயிரோடு பற்றைக்குள் கிடக்கும் ஒருவரைத் தேட ஆள் போகாமல் விட்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

கடிதத்தின் கடைசி வரியில் அம்மம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எந்த விளக்கமும் இல்லை. எனக்கோ உங்கள் நித்திரையின் பெரும்பகுதி அந்த வரியில்தான் கிடக்கிறது என்று தோன்றுகிறது. நடக்க முடியாத முதியவர்களைச் சுமக்க வழியில்லாமல், “நீங்கள் பிள்ளைகளைக் கொண்டு போங்கோ, நான் இருக்கிறேன்” என்று அவர்களே சொல்லி அனுப்பிய குடும்பங்கள் அந்த வீதியெங்கும் இருந்தன. அப்படி விட்டுவந்தவர்களுக்கு இறந்த நாள் தெரியாது, உடலைக் காணவில்லை, கிரியை செய்ய மனம் வராது, செய்யாமலும் இருக்க முடியாது. வியற்னாம் போரில் காணாமல் போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ் என்ற உளவியலாளர், முடிவு தெரியாத இழப்பே மற்றெல்லா இழப்புகளையும்விடத் துயரை உறையவைப்பது என்று எழுதினார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்காரத் தொடங்கிய தாய்மாரிடம் கேட்டால், இதற்கு ஆய்வு தேவையில்லை என்பார்கள். அதே வீதியில், அதே வயதுடைய ஒரு பெண்ணை, அதே பயத்தோடு இரண்டாவது முறையும் விட்டுவிட்டு வந்ததாக உங்கள் மனம் எண்ணுகிறது என்றே நான் கருதுகிறேன். பேய் உங்களைத் தொடர்ந்து வந்ததாகச் சொல்லும் சாத்திரியார், இந்தப் பழைய பாரத்துக்கு ஒரு புதிய பெயரைக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் தாயாரையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொல்லி முடித்தவுடனேயே அது உயிருள்ள ஆளில்லை என்று அவர் ஏன் அத்தனை விரைவாகச் சொன்னார்? விட்டுவரப்பட்டவர் அவரைப் பெற்ற தாய். அந்தப் பக்கத்தில் இரவில் தனியாக ஒரு முதிய பெண் இன்னமும் உயிரோடு நடக்கிறார் என்று நினைப்பது அவரால் தாங்கக்கூடியதாக இருந்திருக்காது. உங்களுக்கு நித்திரை இல்லாத இந்த வாரங்களில் அவருக்கு நித்திரை வந்ததா என்று கேளுங்கள். அம்மம்மாவைப் பற்றி இருவரும் இருந்து பேசுங்கள். 16 வயதுப் பையன் எடுத்த முடிவு அல்ல அது என்பதை அவர் வாயால் நீங்கள் கேட்க வேண்டும். சித்திராப் பௌர்ணமியில் இறந்த தாய்மாரை நினைந்து விரதம் இருப்பது நமது சைவ மரபு; உங்கள் வீட்டில் அது இதுவரை நடக்கவில்லையென்றால், செய்வதா வேண்டாமா என்பதைத் தாயாரே தீர்மானிக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.

கையில் கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குச் சற்றேனும் தைரியம் தருமானால் இருக்கட்டும். ஆனால் லீசிங் காசே கட்ட முடியாத நேரத்தில் கடன் பட்டுக் கழிப்புக் கழிக்க வேண்டாம். “உன்னோடு வந்துவிட்டது” என்று சொல்லும் எவரிடமும் இப்போதைக்குத் திரும்பிப் போகவும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் ஒவ்வோர் இரவும் உங்களை அந்த இருக்கையைப் பார்க்க வைக்கிறது.

நித்திரையின்மை, சத்தத்துக்குத் திடுக்கிடுதல், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருதல், அந்த வீதியைத் தவிர்த்தல் ஆகியவை பெரும் அச்சத்துக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினைகள். பெரும்பாலானோருக்கு முதல் மாதத்துக்குள் தாமாகவே தணியத் தொடங்கும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கருதுவோம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. உங்கள் விடயத்தில் தணிவதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று மது: அது கண்ணை மூடவைத்தாலும், பின்னிரவில் நித்திரையைக் குலைத்துக் கெட்ட கனவோடு எழுப்பிவிடும். மற்றையது தவிர்த்தல்: போகாமல் விடும் ஒவ்வொரு நாளும் அந்த வளைவு உங்கள் மனதில் இன்னும் பயங்கரமாகிறது. முதலில் பகலில், நம்பிக்கையான ஒருவரோடு அந்த வீதியால் போங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு வாருங்கள். அது இலகுவானபின் மாலையில், பிறகு முன்னிரவில், பிறகு தனியாக. மருந்துக்கடையில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. காசு கட்டத் தேவையில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

பகலில் போகும் அந்த முதற் பயணத்திலேயே தேடலையும் தொடங்குங்கள். தருமபுரத்திலிருந்து உடையார்கட்டு வரையான கிராம அலுவலர்களைச் சந்தித்து, கார்த்திகையில் அந்தத் திகதியில் வீட்டைவிட்டு வெளியேறிய முதியவர் எவரும் உண்டா, மகனோ சகோதரனோ ரவி என்ற பெயரில் உள்ள குடும்பம் எது என்று கேளுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில், ஏற்றிய இடம், இறக்கிய இடம், நேரம் மூன்றையும் சொல்லிப் பதிந்துவிடுங்கள். நாமே போய் வம்பில் மாட்டுவதா என்ற தயக்கம் நமது ஊரில் ஏன் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்; கிராம அலுவலரையோ ஊரில் மதிப்புள்ள ஒருவரையோ கூட்டிக்கொண்டு போனால் அந்தத் தயக்கம் குறையும். மூன்று வாரம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மறுநாட் காலையிலேயே பால் கொண்டு போனவரோ மாடு சாய்த்துப் போனவரோ அவரைக் கண்டு வீட்டில் சேர்த்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் ஒருநாள் பகலில் போய் அவரைப் பார்க்க வேண்டும். அவருக்கு உங்களை நினைவிருக்காது, பரவாயில்லை. அவருடைய வீட்டாரிடம், நீங்கள் அவரைப் பேய் என்று நினைத்ததைச் சொல்லத் தேவையில்லை. மழையில் நின்றவரை ஏற்றி வந்ததை மட்டும் சொல்லுங்கள். துக்கமான செய்தி கிடைத்தால், அதைக் கேட்கும்போது உங்களருகில் ஒருவர் இருக்கட்டும். அன்றே மருத்துவரிடம் வாருங்கள்.

இனி இரவில் இப்படியொருவரைக் காணும் ஓட்டுநர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கேட்ட இடம் இருட்டாகவும் வெறுமையாகவும் இருந்தால் அங்கே இறக்கவே வேண்டாம். சண்டை முடிந்துவிட்டது, அந்தக் கடை இப்போது இல்லை என்றெல்லாம் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு அது புரியாது, பயம்தான் கூடும். “சரி அம்மா, முதல்ல நனையாத இடமாப் போவம்” என்று சொல்லி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள வைத்தியசாலைக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ கூட்டிச் செல்லுங்கள். உடல் நலமில்லை என்று கண்டால் 1990 என்ற அவசர அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், பொலிசாருக்கு 119. கதவை ஓங்கி அடிக்காதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள், அவரை உங்கள் பார்வையிலிருந்து விடாதீர்கள்.

அந்த வீதியோரம் குடியிருந்து இதை வாசிப்பவர்களிடமும் கேட்கிறேன். தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையில், வண்டையும் பங்கரையும் பற்றிப் பேசியபடி இரவில் எழுந்து நடக்கும் ஓர் அம்மாவை உங்கள் அயலில் அறிந்திருந்தால், கிராம அலுவலரிடம் இன்றே சொல்லுங்கள். அவருடைய வீட்டாராக இருந்தால், படலைக்கு உயரத்தில் ஒரு கொளுக்கி போடுங்கள். அவர் அணியும் சட்டையின் உட்புறத்தில் தொலைபேசி இலக்கத்தைத் தைத்து வையுங்கள். அடுத்த மனநலச் சிகிச்சை நாளில் அவரைக் கூட்டி வாருங்கள்.